இடது சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை

வீல் பெயாரிங்கைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சக்கரத்துக்குள்ளே மறைந்து கிடக்கும் சாமான் அது. இரண்டு இரும்பு வளையம், நடுவில் உருளும் குண்டுகள், கொஞ்சம் கிரீஸ். நன்றாக இருக்கும் வரை வாய் திறக்காது. தேய்ந்தால் முனகத் தொடங்கும். ஓட்டுகிறவர் அதை ரோட்டுச் சத்தம் என்று நினைப்பார், ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்.

சசிகரன் ஐயா, நீங்கள் வாகனப் பரிசோதகர். இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் நேற்று நீங்கள் என் கராஜுக்கு வந்து மேசை லாச்சியைத் திறந்தீர்கள். அதற்குள்ளிருந்த பெட்டியைக் கையில் எடுத்து, "பக்கத்துக் கடையில கிடைக்கிற பெயாரிங்கை ஏன் கலேவெல வரைக்கும் போய் வாங்கினனீங்கள்? வாங்கியும் ஏன் பிரிக்காமல் வச்சிருக்கிறியள்?" என்று கேட்டீர்கள். பெட்டியில் கலேவெலக் கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும், பொறுமையாகக் கேளுங்கள்.

என் கராஜ் அலுவிகாரையில், மெயின் ரோட்டோரம். வாசலில் உட்கார ஒரு வாங்கு போட்டிருக்கிறேன். வண்டியில் சத்தம் என்று யாராவது வந்தால் நான் உடனே ஜக் வைத்து வண்டியைத் தூக்குவதில்லை. "விகாரைச் சந்தி வரைக்கும் போய்த் திரும்பி, என் முன்னால் நிறுத்தாமல் ஒரு தரம் ஓடுங்கள்" என்பேன். வாங்கில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். வண்டி கடந்து போகும். கண்ணைத் திறந்து, இன்ன இடத்தில் இன்ன பழுது என்று சொல்வேன். ஒரு தரம்தான் கேட்பேன். இன்னொரு தரம் ஓடுங்கள் என்று யாரையும் கேட்டதில்லை.

இதைப் பார்க்கவே தேத்தண்ணிக் கடையிலிருந்து நாலு பேர் எழுந்து வருவார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். ஊருக்குப் பதுர்தீன் என்ற என் பெயர் மறந்துபோய் வெகுகாலம். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் காது நானா. சிங்களவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, கூப்பிடுவதைச் சொல்கிறேன்.

றினோஸ் மாஸ்டர் காரைக் கொண்டுவந்தது ஒரு சனிக்கிழமை முற்பகல். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர். படிப்பித்தவர் என்று சொல்ல வேண்டும், வாய்க்குப் பழகவில்லை. ரோட்டில் ஆடு படுத்திருந்தால் ஹோன் அடிக்காமல் அது எழும்பும் வரை காத்திருக்கும் மனிதர். பழைய ஜப்பான் கார். பக்கத்து சீட்டில் அவர் மனைவி மஸீஹா இருந்தார்.

"நானா, ஒரு முனகல் ஈக்கிதாம். இவங்களுக்குக் கேக்குது, எனக்குக் கேக்கல்ல" என்றார் மாஸ்டர்.

"என்ட பக்கத்தால இல்ல நானா, அவர்ட பக்கத்தால வாற" என்றார் மஸீஹா. நம் நாட்டுக் காரில் சாரதி வலது பக்கம் அல்லவா, அவர் சொன்னது வலது முன் சக்கரத்தை.

காருக்குள்ளே இருந்து கேட்டால் சத்தம் திசை மாறும், நான் வெளியிலிருந்து கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர்கள் சந்தி வரை போய்த் திரும்பி வந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். முனகல் தெளிவாகக் கேட்டது. "இடது முன் சக்கரம். பெயாரிங் போயிருக்கு" என்றேன். தேத்தண்ணிக் கடைக்காரர்கள் தலையாட்டினார்கள்.

அன்று அங்கே றுஸ்தியும் நின்றான். கட்டாரில் சில காலம் வேலை செய்துவிட்டு வந்து, இரத்தோட்டை ரோட்டில் புதிதாகக் கராஜ் போட்டிருப்பவன். பக்கத்தில் இப்ஹாமின் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்கு ஏதோ வாங்க வந்திருக்கிறான். அவனை யாரும் கேட்கவில்லை. தானாகத்தான் மூக்கை நுழைத்தான்.

"நானா, கோவிக்க வாணாம். உங்கட வாங்கில இருந்து கேட்டா எந்த வண்டியிலயும் இடது பக்கம்தானே கிட்ட வரும்? வளைவில ஒருக்கா ஓட்டிப் பாருங்களேன், பாரம் விழுற பக்கம் சத்தம் கூடும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். நக்கலாகச் சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சிரித்தார்கள்.

அந்தப் பேச்சின் கனம் உங்களுக்கு விளங்கும், ஐயா. அவன் ஒரு காரைப் பற்றிப் பேசவில்லை. இத்தனை காலம் நான் வாங்கில் உட்கார்ந்து சொன்ன அத்தனையையும் பற்றிப் பேசினான். வண்டிகள் சந்தியில் திரும்பி என் ஓரமாகத்தான் வருகின்றன. இடது பக்கம்தான் என்னைப் பார்த்து வருகிறது. நான் இடது என்று சொன்னவை எத்தனை, அவற்றில் உண்மையாகவே இடது எத்தனை? இந்தக் கேள்வி ஒரு ஊருக்குள் புகுந்துவிட்டால் பிறகு வெளியே போகாது. என் காது இரண்டும் சூடாகிவிட்டன. கோபம்தான். கோபத்தை மறைத்து நான் பேசுவதில்லை.

இடது சக்கரத்தைக் கழற்றினேன். பழைய பெயாரிங்கை பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி எடுத்து, உள்ளங்கையில் வைத்துச் சுழற்றினேன். வெண்ணெயில் விரல் போனது போலச் சுற்றியது. கிரீஸ் கூடக் கறுக்கவில்லை. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. தேய்ந்தது வலது. மஸீஹா சொன்னதுதான் சரி.

மாஸ்டர் அப்போது இப்ஹாமின் கடையில் புதிய பெயாரிங்குக்குக் காத்து நின்றார். நான் கராஜின் பின்பக்கம் போனேன். அந்த நல்ல பெயாரிங்கைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டினேன். கொஞ்சம் மணலும் உள்ளே போட்டேன். பிறகு சுழற்றினால் கரகரவென்றது. அதைக் கொண்டுவந்து வாங்கின் மேல் வைத்து, "சுத்திப் பாருங்க" என்றேன். ஒருவர் மாற்றி ஒருவர் சுற்றிப் பார்த்தார்கள். றுஸ்தியும் பார்த்தான். கரகரப்பைக் கேட்டான், விரலில் ஒட்டிய மணலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரி நானா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவன் வாயாடி அல்ல, அதை ஒப்புக்கொள்கிறேன்.

மாஸ்டர் எனக்குக் கை கொடுத்து, எனக்காகத் துஆச் செய்து, புதிய இடது பெயாரிங்குடன் போனார். வலது பக்கம் முனகிக்கொண்டே போனது எனக்கு வாங்கிலிருந்து கேட்டது.

என்னை இரக்கமில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் கேட்ட பெட்டி இந்த இடத்தில்தான் வருகிறது. அடுத்த வாரமே நான் பஸ் ஏறிக் கலேவெலைக்குப் போய் அந்தப் பெயாரிங்கை வாங்கினேன். வலது பக்கத்துக்குத்தான். இப்ஹாமிடம் வாங்கியிருந்தால் அவன் அன்று பின்னேரமே தேத்தண்ணிக் கடையில், "காது நானா மாஸ்டர்ட காருக்கு இன்னொண்டு வாங்கினாரு" என்று சொல்லியிருப்பான். கெட்ட எண்ணத்தோடு அல்ல, அவன் பேச்சே அப்படி. ஆகவே கலேவெல. என் திட்டம் இதுதான்: மாஸ்டர் வேறு ஏதாவது வேலைக்குக் காரை விட்டுவிட்டுப் போகும் நாளில், சத்தமில்லாமல் வலது பக்கத்தை மாற்றிவிடுவேன். சத்தம் போய்விடும். யாருக்கும் ஒரு குறைவும் வராது.

மாஸ்டர் காரை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை. திரும்பி வந்தார். "சத்தம் இன்னும் ஈக்கிது நானா, கூடினாப் போலயும் ஈக்கிது. இப்ப எனக்கும் கேக்குது" என்றார். டயராக இருக்கும் என்றேன். முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போட்டேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிள்ளைகளின் பரீட்சைத் தாளைப் பார்ப்பது போல என் ஒவ்வொரு அசைவையும் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு நாள் முழுக்க விட்டுட்டுப் போங்களேன்" என்று கேட்டேன். சிரித்தார்.

"ஏலா நானா. நாங்க ரெண்டு பேரும் உம்ராவுக்குப் போறோம். போக முன்னுக்கு எல்லார்ட வீட்டுக்கும் போய் மாப்பு கேக்கணும். கார் இல்லாட்டி முடியாது."

நீங்கள் வடக்கிலிருந்து வந்தவர், எங்கள் வழக்கம் தெரிந்திருக்காது. மக்காவுக்குப் போகிறவர்கள் போவதற்கு முன்னர் சொந்தக்காரர், அயலவர், கூட வேலை செய்தவர் என்று ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி இறங்குவார்கள். ஏதாவது பிழை செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்பார்கள். மன்னித்தோம் என்று மற்றவர் சொல்ல வேண்டும். மனிதர்களுக்குச் செய்த பிழையை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும், அல்லாஹ் கூட அதை அவர் கையில்தான் விட்டிருக்கிறான். நான் இதை முழு மனதோடு நம்புகிறவன். இதை எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

என்னிடம் மாப்புக் கேட்க மாஸ்டர் வந்த நாளில் மழை தூறி ஓய்ந்திருந்தது. காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். மஸீஹா காருக்குள்ளேயே இருந்தார். இரத்தோட்டைக்கு மேலே மாஸ்டரின் மூத்த சகோதரி ஹமீமா ராத்தா இருக்கிறார், அங்கே போகிற வழி. வாங்கில் வழக்கம்போல நாலு பேர் இருந்தார்கள். மாஸ்டர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நானா, உங்களுக்கு நான் ஒரு பிழை செஞ்சிட்டன். உங்கட பேச்சில சந்தேகப்பட்டு காரை றுஸ்திட்ட காட்டினன். நீங்க மாப்பு செய்யணும்."

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஒளித்துப் பேசத் தெரியாதவர். நாலு பேர் முன்னால் என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது, சிரித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

"அவன் என்ன செல்றான்?" என்று கேட்டேன்.

"வலது பக்கம் எண்டு செல்றான். சக்கரம் ஆடுதாம். மலைக்குப் போக வாணாம், இண்டைக்கே மாத்துவோம் எண்டு செல்றான். நான்தான், காது நானாட்ட ஒரு வார்த்தை கேக்காமச் செய்ய மாட்டன் எண்டுட்டன். நீங்க செல்லுங்க நானா. மாத்தணுமா? இல்லாட்டி ராத்தாட்டப் போய்ட்டு வரட்டுமா?"

பெயாரிங் பன்னிரண்டு அடி தூரத்தில் லாச்சிக்குள் இருந்தது. மாற்றுவதற்கு அன்று பின்னேரம் போதும். வாங்கில் இருந்தவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டரும் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவு நம்பிக்கையோடு. மாற்றுவோம் என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும். அதற்குப் பிறகு நான் யார்? அலுவிகாரையில் வாங்கில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவன்.

"மாத்தத் தேவல்ல. அது டயர் சத்தம். தாராளமாப் போய்ட்டு வாங்க" என்றேன்.

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "அப்ப என்னை மாப்பு செஞ்சீங்களா?"

"செஞ்சிட்டன்" என்றேன். பிறகு அவர் கையை நான் விடவில்லை. "நீங்களும் எனக்கு மாப்பு செய்யணும், மாஸ்டர்."

"நீங்க எனக்கு என்ன நானா செஞ்சீங்க?"

"எதுவா இருந்தாலும்தான். தெரிஞ்சு செஞ்சது, தெரியாமச் செஞ்சது. இனி வரப்போறதும்."

அவர் சிரித்துவிட்டார். "அல்லாஹ்வுக்காக எல்லாத்தையும் மாப்பு செஞ்சிட்டன், நானா" என்றார். நாலு பேர் காது கேட்கச் சொன்னார். அந்த நாலு பேரின் பெயரையும் தருகிறேன், நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

கார் போனது. நான் பழக்க தோஷத்தில் கண்ணை மூடிக் கேட்டேன். முனகல் இல்லை, அது உறுமலாகி இருந்தது. நடுநடுவே இரும்பில் இரும்பு உரசும் சத்தமும் இருந்தது. மிகவும் தெளிவான சத்தம். வலது.

மலை ஏறும்போது ஒன்றும் நடக்கவில்லை. ராத்தா வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள், எல்லோரும் அழுது மாப்புக் கேட்டிருக்கிறார்கள். இறங்கும்போதுதான், தேயிலைக்கு நடுவே இடது பக்கம் வளையும் வளைவில், பாரம் முழுவதும் வலது சக்கரத்தில் விழுந்த நேரம் அது கழன்று போயிருக்கிறது. கார் பள்ளத்தில் சரிந்து, சாரதி பக்கம் கல்லில் மோதியது. மாஸ்டர் அந்த இடத்திலேயே மௌத்து. மஸீஹாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

செய்தி வந்ததும் ஆட்டோ பிடித்துப் போனேன். மாஸ்டரின் ஜனாஸாவை எடுத்துப் போயிருந்தார்கள். கார் பக்கவாட்டில் கிடந்தது. பொலீஸ்காரர் இரண்டு பேர் நின்றார்கள், தோட்டத்து ஆட்கள் மேலே கூடி நின்றார்கள். நான் இறங்கிப் போய் மேல்நோக்கி இருந்த இடது முன் சக்கரத்தைக் கையால் சுழற்றினேன். நல்ல சுழற்சி, ஒரு சின்னச் சத்தம் கூட இல்லை. என்னை அறியாமல் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற பொலீஸ்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருக்கு வேலை தெரியாது.

அடக்கம் செய்ய மையவாடிக்கு, மாஸ்டரைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிப்போனவர்களில் நானும் ஒருவன். தோள் மாற்றாமல் தூக்கினேன். மாஸ்டருக்காக எல்லோரும் மாப்பு செய்யுங்கள் என்று கேட்டபோது செய்தோம் என்று முதலில் சத்தமாகச் சொன்னவன் நான்தான். எனக்கு அழுகை வந்தது. அது பொய் அழுகை அல்ல. அவரைப் போல ஒரு வாடிக்கையாளர் இனிக் கிடைக்க மாட்டார்.

றுஸ்தி ஜனாஸா அடக்கத்தில் என் பக்கம் வரவில்லை. உங்களிடம் வந்து பேசியவன் அவன்தான் என்று ஊகிக்கிறேன். வந்திருந்தால் நல்லதுதான். ஆனால் அவனிடம் ஒன்று கேளுங்கள்: இடது சக்கரத்தில் ஏதாவது குறை கண்டானா? நீங்களும் பார்த்தீர்கள், காணவில்லை. உங்கள் அறிக்கையில் வலது பெயாரிங் தேய்ந்து சக்கரம் கழன்றது என்று எழுதுவீர்கள், எழுதத்தான் வேண்டும். இடது பெயாரிங் புதிதாகவும் பழுதில்லாமலும் இருந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். செய்த வேலைக்கு அந்த அளவு நியாயம் கிடைக்க வேண்டும்.

மற்றபடி உங்கள் கேள்விக்கு என் பதிலில் ஒளிவு மறைவு இல்லை. வலது பக்கம் தேய்ந்தது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நல்ல பெயாரிங்கைக் கெடுத்து ஊருக்குக் காட்டியவன் நான். சக்கரம் ஆடுகிறது என்று தெரிந்தும், கார் மலைக்குப் போகிறது என்று தெரிந்தும், மாற்றுச் சாமானை லாச்சியில் வைத்துக்கொண்டு, போய்ட்டு வாங்க என்று சொன்னவனும் நான். இதைச் சட்டத்தில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மார்க்கத்தில் எனக்குப் பாரம் இல்லை. பாதிக்கப்பட்டவர் வாயாலேயே மாப்பு வாங்கிவிட்டேன்.

அப்படித்தான் போன வாரம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் மஸீஹாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கணவரை இழந்த பெண் அந்நிய ஆணைக் காணாமல் இருக்கும் இத்தாவில் இருக்கிறார், ஆகவே கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். அவர் தங்கை வாசலில் நின்றாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, மாஸ்டர் என்னை மாப்பு செய்த கதையைச் சொன்னேன். அவருக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. என் காதுக்கு அதில் ஒரு நடுக்கமும் தெரியவில்லை.

"அவர் மாப்பு தந்தது எனக்கும் கேட்டது நானா. அது அவர் தந்தது. நான் தரல்ல. அவர்ட பக்கத்தாலதான் சத்தம் வாற எண்டு முதல் நாளே நான் உங்களுக்குச் சென்னன். நானும் அந்தக் காருக்குள்ளதான் இருந்தன். என்னட்ட நீங்க கேக்கவே இல்ல. இப்பக் கேட்டாலும் தர மாட்டன்."

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் வெகுநேரம் உட்கார்ந்து யோசித்தேன். அவர் சொன்னது நியாயம்தான், ஐயா. இந்த விஷயம் முழுவதிலும் என் பக்கத்தில் நான் காணும் ஒரே பிழை அதுதான். கார் நின்ற இடத்துக்கு நாலு எட்டு நடந்து போய், அவரிடமும் ஒரு வார்த்தை மாப்புக் கேட்டிருக்கலாம். அவர் பக்கக் கண்ணாடி திறந்துதான் இருந்தது.